முதல் வரிசையில் ஒரு வீடு

அவரை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேச ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தபோது வந்து சேர்ந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். நான் நெட்வொர்க் இன்ஜினியர். என் சான்றிதழை ஃபிரேம் போட்டு, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டி வைத்திருந்தேன். முதல் நாளே அதை அண்ணாந்து பார்த்தவர், "ஆணி ஆடுது சார், கீழ உக்கார்றவங்க தலைல வுழும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்த நாற்காலியில் வழக்கமாக உட்கார்கிறவன் நான்தான்.

எங்கள் தொழில் காற்றில் இணையம் அனுப்புவது. விழுப்புரம் வரைக்கும் பூமிக்கடியில் கம்பியில் வரும். அங்கே முதலாளி வீட்டு மாடியில் உள்ள டிஷ் அதைக் கூட்டேரிப்பட்டில் ஒரு ரைஸ் மில் மாடிக்கு அனுப்பும். அங்கிருந்து இன்னொரு டிஷ் திண்டிவனத்துக்கு அனுப்பும். கம்பி போகாத சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் நாங்கள் பிரித்துக் கொடுத்தோம். மற்ற மாதங்களில் ஜம்மென்று ஓடும். ஆடி பிறந்து காற்றடித்தால் ரைஸ் மில் டிஷ் தலையாட்ட ஆரம்பிக்கும். வருகிற இணையம் பாதியாகிவிடும். அப்போதுதான் யாரை முதலில் விடுவது என்ற கேள்வி வரும்.

அதற்குத் தொழிலில் ஒரு வரிசை உண்டு. பேச்சு முதலில், வீடியோ இரண்டாவது, மற்றதெல்லாம் மூன்றாவது, மெதுவாகப் போனால் போதும் என்கிற கோப்புகள் கடைசியில். பேச்சு அரை நொடி தாமதமானாலும் கேட்கிறவருக்குக் குளறிவிடும். ஒரு படம் பத்து நிமிஷம் தாமதமாக இறங்கினால் யார் குடியும் முழுகாது. பொங்கல் கூட்டத்தில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஆம்புலன்ஸுக்கு ஒரு வழியை ஒதுக்கி விடுவார்களே, அதுபோலத்தான். அந்த வழியில் எல்லா வண்டியையும் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் எல்லா வண்டியையும் விட்டிருந்தேன்.

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. வார்டு கவுன்சிலர் கேட்டார், முதல் வரிசையில் போட்டேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார், போட்டேன். என் மாமனாருக்குத் தெரிந்த ஒருவர் கேட்காமலே போட்டேன். போட்டுவிட்டு எல்லாரிடமும் குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா போட்டிருக்கேன்" என்பேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமை வரும். ஊரில் பாதிப் பேர் முதல் வரிசையில் இருந்தார்கள். அந்தப் பாதிப் பேருக்கும் படம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேடம் வந்த இரண்டாவது வாரம், போனில் ஒருவர் எகிறிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ங்க, நம்பரு வந்துச்சி. இப்ப என்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"என்னாவோ பாக்குறேன். உனக்கு எதுக்கு?"

"சும்மாதாங்க கேக்குறேன். அது ஒரு பத்து நிமிஷம் நின்னா என்ன ஆவும்?"

வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. இறங்கிய குரலில், "ஒண்ணும் ஆவாது. சீரியலுதான்" என்றார்.

"அப்ப நிக்கட்டும்ங்க. ஒலக்கூர் பக்கம் ஒரு பொண்ணு காலேஜுக்கு அப்ளிகேசன் போட்டுக்கினு இருக்குது. இன்னிக்கித்தான் கடைசி நாளு."

"அட, அத மொதல்ல பாரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். கவுன்சிலர்தான். என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. நான் அவரிடம் அப்படிக் கேட்டதும் இல்லை.

அந்தக் கேள்விதான் மேடம். நின்னா என்ன ஆவும்? அதை அவர் குத்தலாகக் கேட்பதில்லை. பதில் தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்பார். கேட்டதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சுவரில் வரிசையாக ஒட்டிவிடுவார். இடதுபக்கம் வீடு, வலதுபக்கம் நின்றால் என்ன ஆகும் என்பது. மண்டிக்கடை: விலை பார்க்க, பத்து நிமிஷம் நிற்கலாம். ஜெராக்ஸ் கடை: மே மாதம், ரிசல்ட் வரும்போது மட்டும் நிற்கக் கூடாது. ஒருநாள் அந்தத் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது. சார் வீடு: கிரிக்கெட், நிற்கலாம்.

என் வீட்டை நான் முதல் வரிசைக்கும் மேலே, 'டெஸ்ட்' என்று பெயர் கொடுத்து ஒளித்து வைத்திருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"டெஸ்டுன்னா ஒரு நாளு, ரெண்டு நாளு இருக்கும். இது ரெண்டு வருசமா ஓடிக்கினு இருக்குதே சார்" என்றார்.

அன்று சாயந்திரம் என் மனைவி போன் செய்து, "என்னங்க, மேட்ச் சுத்திக்கினே இருக்குது, நீங்கதான இன்ஜினியரு?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அலுவலகத்தில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது முதலில் நிறுத்தப்படுவது என் தலைக்கு மேலே உள்ள மின்விசிறி. டிபன் பாக்ஸைத் திறந்தால் மேடம் முதலில் ஊசிப்போகக் கூடியதைச் சாப்பிடுவார். ஊறுகாயைத் தொடவே மாட்டார். ஒருமுறை அவர்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றதே அவர்தான். மேலதிகாரி வந்திருக்கிறேன், கூப்பிட்டுப் பரிமாறுவார் என்று நம்பி, கண்ணில் படுகிற மாதிரி இரண்டு தடவை செருமினேன். கைக்குழந்தைக்காரிகளுக்குப் போட்டார். ட்யூட்டிக்குப் போக வேண்டிய கண்டக்டருக்குப் போட்டார். சர்க்கரை வியாதிக்காரக் கிழவர்களுக்குப் போட்டார். என் முறை வந்தபோது தட்டில் வெறும் குஸ்கா விழுந்தது.

"கறி எங்க மேடம்?"

"தீந்துடுச்சி சார். நீங்க நின்னா என்ன ஆவும்னு யோசிச்சேன். ஒண்ணும் ஆவாதுன்னு தோணுச்சி."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும். ஆனாலும் இரண்டாவது தடவை குஸ்கா வாங்கிக்கொண்டேன்.

மதிய நேரங்களில் அவர் தன் மேசையில் தனியாக உட்கார்ந்து கைகளை விதவிதமாக அசைத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சநாளாகப் பார்த்தேன். விரலை மடக்குவார், நெஞ்சைத் தொடுவார், காற்றில் எதையோ வரைவார். நாள் முழுக்கப் போனைப் பிடித்துத் தோள்பட்டை வலி வந்திருக்கிறது என்று முடிவு கட்டி, நல்ல தைலமாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்று வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். நான் அக்கறையான மேலதிகாரி என்ற நினைப்பில் ஒரு வாரம் மிதந்தேன்.

இரண்டு வருஷம் அவரோடு இருந்ததில் எனக்கும் புத்தி வந்தது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு ஆடி மாதம், தம்பி நிச்சயதார்த்தம் என்று மேடம் விழுப்புரத்துக்கு மூன்று நாள் லீவில் போனார். காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று நான் மொத்தப் பட்டியலையும் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். சிபாரிசில் வந்ததையெல்லாம் தூக்கினேன். மாமனாருக்குத் தெரிந்தவரைத் தூக்கினேன். இனிமேல் புத்தகத்தில் உள்ள விதிதான். பேச்சு முதலில், வீடியோ இரண்டாவது, யாருக்கும் சலுகை இல்லை.

தூக்கிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றேன். ஓமந்தூர் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவின் போனிலிருந்து போகிற வீடியோவுக்குப் பேச்சுக்கும் மேலே இடம். போட்டது நான் இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'ஆகா, மேடமும் மனுஷிதான்! சொந்தக்காரங்க வீடு போலிருக்கிறது!' என் 'டெஸ்ட்' வீட்டைப் பிடித்தவரை நான் பிடித்துவிட்டேன். அந்த வரியையும் அழித்தேன். சுவரில் இருந்த காலண்டர் தாள்கள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று அவற்றையும் கிழியாமல் எடுத்துச் சுருட்டி பீரோ மேல் போட்டேன். அந்த இடத்தில் என் சான்றிதழை, புது ஆணி அடித்து, மாட்டினேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். காற்று அந்த ஆட்டு ஆட்டியும் போன் அடிக்கவே இல்லை. ஒரு புகார்கூட இல்லாமல் போனது நம் விதியின் மகிமை என்று நினைத்து, கூட ஒரு அப்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். போன் செய்ய முடியாத ஒரு வீடும் எங்கள் பட்டியலில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அலுவலகத்தில் கூட்டம். வருகிறவர்களுக்கு நம்பர் எழுதிய அட்டை கொடுக்கும் புது ஏற்பாட்டையும் செய்திருந்தேன். ஏழாம் நம்பர் அட்டையோடு ஒருவர் சுவரோரமாக நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. இரண்டு தடவை முன்னால் வந்து கையைத் தூக்கி ஏதோ காட்டினார். நான் அட்டையைச் சுட்டிக்காட்டி, "வரிசைல வாங்க" என்றேன். போய் நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார்.

ஏழைக் கூப்பிட்டேன். வரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டிய பிறகுதான் வந்தார்.

"சொல்லுங்க" என்றேன். அவர் கைகளை அசைத்தார். "என்னா? சத்தமா சொல்லுங்க" என்றேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அவர் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் ஒரு பெண்ணின் முகம், அசையாத படமாக. கன்னம் முழுக்கக் கண்ணீர். இரண்டு கையும் பாதியில் உயர்ந்து நின்றுபோயிருந்தன. பின்னால் ஒரு தூளி, காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து மேடம் உள்ளே வந்தது அப்போதுதான். அவரைப் பார்த்ததும் அந்த மனிதரின் கைகள் ஓட ஆரம்பித்தன. மேடத்தின் கைகளும் பதில் சொல்லின. விரலை மடக்கினார், நெஞ்சைத் தொட்டார், காற்றில் வரைந்தார். நான் தைலம் வாங்கிக் கொடுத்த அதே கைகள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இவங்க வூட்டு லைனு எங்க?"

"எடுத்துட்டேன் மேடம். வீடியோ இல்லியா? ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

"இவருக்கும் காது கேக்காது, அந்தப் பொண்ணுக்கும் கேக்காது சார். இவரு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு. அது வூட்டுல ஜாக்கெட் தச்சிக்கினு இருக்குது. தெனம் ஒரு மணிக்கு இவருக்குச் சாப்பாட்டு டைம். எழுதப் படிக்க ரெண்டு பேருக்கும் வராது. பத்து நிமிஷம், கையாலதான் பேசிக்குவாங்க. வீடியோதான் அவங்களுக்குப் பேச்சே. பில்லு கட்ட வரும்போது அந்தப் பொண்ணுகிட்டத்தான் நானும் கையால பேசக் கத்துக்கினேன்."

அந்த மனிதர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் அவர் கையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மாசக் கொழந்த. காய்ச்சல்னு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில ஒரு வாரமா வச்சிருந்தாங்களாம். நேத்து மதியம் இந்தப் படத்தோட நின்னுபோச்சாம். அது அழுவுது, தூளி காலியா இருக்குது. கொழந்த போயிடுச்சின்னு நெனச்சிக்கினு அப்பிடியே கெளம்பிட்டாராம். பஸ்ல எடமில்லியாம். சேலம் வரைக்கும் நின்னுக்கினே வந்தாராம்."

"கொழந்த?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லா இருக்குது சார். விடியக்காலைல வூட்டுக்குப் போயி பாத்துட்டுத்தான் இங்க வந்திருக்காரு. அந்தப் பொண்ணு டிஸ்சார்ஜ் பண்ணி வூட்டுக்குக் கூட்டியாந்துடுச்சி. பாயில படுக்க வச்சிட்டு, அந்தச் சந்தோசத்துல அழுதிருக்குது. படம் நின்னுபோச்சேன்னு கொழந்தைய வீடியோ எடுத்தும் அனுப்பிச்சாம். அது போவவே இல்ல."

ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். எடுத்து அனுப்புகிற வீடியோ ஒரு கோப்பு. கோப்புக்குக் கடைசி வரிசை என்று நானே போட்டு வைத்திருந்தேன். காற்று பாதியை வாங்கிக்கொண்ட அந்த மதியத்தில், அந்தக் குழந்தை ஊரில் எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அழித்த வரியை மறுபடி எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை தப்பாக அடித்தேன். மேடம் பீரோ மேலிருந்து காலண்டர் தாள்களை எடுத்துத் தூசி தட்டி விரித்து, ஒன்றை என் முன்னால் வைத்தார். ஓமந்தூர் பக்கத்து டெய்லர் வீடு. வலதுபக்கம்: புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுவிடும். இரண்டு வருஷமாக என் தலைக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது. நான் படித்ததே இல்லை.

கிளம்பும்போது அந்த மனிதர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மேடம் சொல்லத் தயங்கினார். நான் வற்புறுத்திய பிறகு சொன்னார்.

"சார் வூட்டுல யாருக்காச்சும் முடியாம இருந்து, பாதிப் பேச்சுல போன் நின்னுபோயிருக்குதான்னு கேக்குறாரு."

"இல்ல" என்றேன்.

மேடம் அதைக் கையால் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாரு?"

"அப்ப சாருக்குத் தெரிஞ்சிருக்காது, பரவால்லன்னாரு."

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அங்கேயும் முகம் கழுவ யாரோ வெளியே காத்திருந்ததால் சீக்கிரமே முடித்துக்கொண்டேன்.

மேடம் போய் வருஷங்கள் ஆகின்றன. கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போனார். வழியனுப்பு விழாவில் நான் எழுதி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினேன். நாலாவது பக்கத்தில் அவர் எழுந்து, "சார், பாக்கியப் படிச்சி வாட்ஸப்ல அனுப்பிச்சிடுங்க, அது நிக்கலாம். என் பஸ்ஸு நிக்காது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் பேச்சுக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதுதான். இப்போது பல ஊர்களுக்குக் கம்பி போய்விட்டது. எங்கள் டிஷ்ஷை நம்பியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். போனை எடுப்பதும் நான்தான்.

போன ஆடியில், மதியம் ஒரு மணிக்கு ஒரு சின்னப் பெண் குரல்.

"ஹலோ, நெட்டு ஆபீஸா? நெட்டு ஸ்லோவா இருக்குதாம்."

"யாரும்மா பேசுறது?"

"நான்தான். டெய்லர் வூடு, ஓமந்தூர் பக்கத்துல. அம்மா கையில சொல்றாங்க, நான் வாயில சொல்றேன். அப்பா மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுதாம். சாப்பாட்டு டைம் முடிஞ்சிடும், ஜல்தியா பண்ணுவீங்களாம்."

அந்த வீட்டிலிருந்து போனில் வந்த முதல் புகார் அது. அன்று தூளி காலியாகத் தொங்கிய அதே குழந்தைதான் பேசியது. பழக்க தோஷத்தில் என் வாயில் அதே வாக்கியம்தான் வந்தது.

"உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா போட்டிருக்கேன்மா."

சொன்ன பிறகுதான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மேடம் போட்டு, நான் அழித்து, மறுபடி எழுதிய வரி அப்படியேதான் இருந்தது. ஆனால் அது பழைய போனுக்கு.

"அம்மா புதுசா போன் வாங்கியிருக்காங்களா?"

"ஆமா, அப்பா வாங்கிக் குடுத்தாரு. செவப்புக் கலரு."

பழைய வரிக்குக் கீழே புதுப் போனைச் சேர்த்தேன். இந்த முறை ஒரே தடவையில் சரியாக அடித்தேன். அரை நிமிஷம் கழித்து மறுமுனையில் ஒரு கத்தல்.

"வந்துடுச்சி! அப்பா சிரிக்கிறாரு, பல்லுல கீரை இருக்குது!"

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"அம்மா கேக்குறாங்க, ஸ்பெஷலா போட்டது அந்த அக்காதானேன்னு."

"மொதல்ல போட்டது அவங்கதான்மா. இப்ப போட்டது நான்."

மறுபடி அம்மாவின் கைக்குத் திரும்பியிருப்பாள்.

"நீங்க எடுத்துடாதீங்கன்னு சொல்றாங்க."